செல்வாவின் இரண்டு கார்கள்

9 ஆகஸ்ட் 1943, திங்கள். பிரிக்பீல்ட்ஸ்.

நான் ஜப்பானிய அதிகாரியின் காலில் விழுந்தேன் என்று மாலைக்குள் தெரு முழுக்கப் பேச்சு. விழவில்லை. புதன்கிழமை வரை அவகாசம்தான் கேட்டேன், அதுவும் நிமிர்ந்து நின்று.

என் மகன் செல்வாவின் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றை எடுத்துக்கொள்வார்களாம். எதை என்று நான் சொல்ல வேண்டுமாம். கூட வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளன், "புதுசைக் கொடுத்துருங்க லா, அம்மா. பழசைக் கொடுத்தா தொரை மூஞ்சியத் தூக்கிக்குவாரு" என்றான். "முதலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வா" என்றேன்.

இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டுமே பிறர் ஓட்டி விற்றவை. முப்பத்திரண்டாம் வருஷத்துக் கார் சத்தம் போட்டாலும் சொன்னபடி திரும்பும் என்பான் செல்வா. முப்பத்தாறாம் வருஷத்தது சொகுசு, பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சோம்பேறி என்பான். ஒன்றை விற்கத்தான் இருந்தான். பழையதில் கிள்ளானுக்குப் போய் வந்தால் புதியதை விற்கிறேன் என்பான். அடுத்த ஞாயிறு புதியதில் போய் வந்து பழையதை என்பான். முடிவு செய்வதற்குள் ஜப்பான்காரர்கள் அவனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

திரும்பி வந்ததும் முதலில் கார் கொட்டகைக்குத்தான் போவான். வருவான். அங்கே அவன் வேண்டாம் என்று நினைத்த கார் நின்றால் அவனுக்கு என்ன சொல்வேன்?

செல்வா, எதை வைத்துக்கொள்ளட்டும்? ஒரு வரி போதும். உன் கையால் எழுதி அனுப்பு.