கடைமடைக்கு வந்த அரளிப்பூ

கடைமடைக்காரர் என்று ஊரே அழைத்த என் அன்பானவருக்கு,

இந்த முறை பூ வந்து சேர்ந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமராவதி அணையின் நீர்ப்பரப்பை நீங்கள் ஏரி என்பீர்கள். கான்வென்டில் பூகோளம் படித்தவள் நான், நீர்த்தேக்கம் என்று திருத்துவேன். "தண்ணி நின்னா ஏரி, ஓடி வந்தா சோறு. எதுக்கு அத்தனை பெரிய பேரு?" என்று சிரிப்பீர்கள். ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே பாம்பாறும் சின்னாறும் தேனாறும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர் அது. பரிசல்காரருக்கு அதில் மீன். அங்கிருந்து இறங்கும் தண்ணீரில்தான் கரூர் வரை நெல்லும் கரும்பும் தென்னையும் நிற்கின்றன. இந்த அணையும் உள்ள திருப்பூர் மாவட்டத்தின் பெருமையைப் பனியனோடு முடித்துக்கொள்கிறவர்களை நான் இன்றும் விடுவதில்லை. அந்தப் பனியனைத் தைக்கிறவர்கள் மத்தியானம் எதைச் சாப்பிடுகிறார்கள்?

ஆனால் நம் தோப்போ கிளை வாய்க்காலின் கடைசி மடை. தண்ணீர் திறக்கும்போதெல்லாம் வாய்க்கால் தலைப்பில் ஓர் அரளிப்பூவை இட்டு, அதனோடு கரையிலேயே நடந்து வருவீர்கள். மேல்மடைக்காரர்கள் தங்கள் முறை முடிந்தும் மடையை அடைக்கமாட்டார்கள். பூ யார் வயலிலோ தங்கிவிடும். "பூ வரலீன்னா என்ன, நான் வந்துட்டனில்ல" என்று காய்ந்த காலோடு வந்து நிற்பீர்கள்.

நீங்கள் இல்லாத இந்த ஆண்டு அணை நிறையவில்லை. நிற்கும் பயிரைக் காக்க ஒரே ஒரு முறை உயிர்த்தண்ணீர் என்றார்கள். அதுவும் வராவிட்டால் தென்னைகள் போய்விடும். பாசன சபைக்கு நம் மகள் பூங்கொடியைத் தலைவியாக்கியிருந்தார்கள். தண்ணீர் முதலில் கடைமடைக்கே என்றாள்.

"பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கற புள்ளைக்கு மடையப் பத்தி என்னங்க தெரியும்?" என்றார் ஒரு மேல்மடைக்காரர்.

"கடைசிப் பீஸ் வரைக்கும் பாத்தாத்தானுங்க லாரியில சரக்கு ஏறும். வாய்க்காலும் அப்படித்தானுங்க. கடைசி மடை நனையலீன்னா இந்தப் பதவி எனக்கு வேண்டாமுங்க."

இவ்வளவு துணிந்து சொல்ல இவள் யாரிடம் கற்றாள்?

தண்ணீர் விட்ட காலையில் அவளே அரளியை இட்டு நடந்தாள். திறந்திருந்த மடை ஒவ்வொன்றிலும், அது அடைபடும் வரை நின்றாள். நான் குடையோடு நம் மடையில் காத்திருந்தேன். வெயில் ஏறியபோது முதலில் சருகும் நுரையும் வந்தன. அதன் பின்னால் பூ. பூவின் பின்னால் முழங்கால் வரை சேற்றோடு உங்கள் மகள். அவள் பின்னால், கையெல்லாம் மண்ணாக, அதே மேல்மடைக்காரர்.

"உங்க புள்ள என் மடையை என் கையாலயே அடைக்க வெச்சுட்டாளுங்கம்மா. விட்டாக் கம்பெனி ஸ்டிக்கரும் ஒட்டீருவா."

"ஓரமா நில்லுங்கம்மா, தண்ணி ஏறுது" என்றாள் பூங்கொடி.

பொது இடத்தில் குரல் உயர்த்தாதவள் நான். அன்று கத்திவிட்டேன். உங்களுக்குக் கேட்டதா? பூவை நான் எடுக்கவில்லை. தோப்புக்குள் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை திறக்கும்போது நம் மடைக்கு வரும் கடைசித் தொலைவையாவது பூவோடும் மகளோடும் நானும் நடப்பேன். வழியில் ஒரு மடை கசிந்தாலும் அடைக்காமல் நகரமாட்டேன். என்னைத் தெரியுமல்லவா உங்களுக்கு?

என்றும் உங்கள் மனைவி,
பாசன சபைத் தலைவியின் அம்மா