அலை கசிந்த இடம்

10 மார்ச் 1966, வியாழன்

காலையில் சாதாரண உடையில் ஒரு போலீஸ் அதிகாரி ஆய்வகத்துக்கு வந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். "இங்க புக்கிட் தீமா வீடுகள்ல ரேடியோ இரையுதுன்னு புகார். யாருக்குச் செய்தி அனுப்புறீங்க?" என்று நேராகவே கேட்டார்.

செய்தி இல்லை, ஆராய்ச்சி என்றேன். கண்ணாடிக் குழாயிலுள்ள வாயுவை ரேடியோ அலையால் சூடாக்கிப் பிளாஸ்மாவாக மாற்றுகிறோம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. "நாளைக்கும் இரைஞ்சா மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவோம் லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகல் முழுக்க, அலையை வாயுவுக்குள் செலுத்தும் ஆன்டெனாவோடு மல்லுக்கட்டினேன். அதன் செம்புச் சுருள் குழாயை விட்டு விலகியிருந்தது. அவ்வளவு தள்ளி வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. வாயுவுக்குள் போகாத அலைதான் வெளியே கசிந்திருக்கிறது. சுருளை நெருக்கி, அலைவரிசையைச் சரிசெய்யும் கண்டென்சரைத் திருகியதும் குழாய் முழுக்க இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. மேசை ரேடியோவில் இரைச்சல் அடங்கியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் தம்பிராசா விரிவுரை முடித்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னோடு இதே ஆராய்ச்சியில் இருப்பவர். ஒளியைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "இனிப் பயப்படாதேங்கோ, அந்த மனுசன் திரும்பி வரமாட்டார்."

போலீஸ் வந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமுமே சொல்லவில்லை.

"எந்த மனுசன்?" என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் சிரித்துவைத்தேன். நாளைக்கும் அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். ஆய்வகச் சாவி அவரிடமும் ஒன்று இருக்கிறது.