கடப்பாரை வந்த காலையில் பூத்த செடி

என் அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, யாரும் நோயில் படுக்கவில்லை, முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்ட உன் அப்பாவின் சொந்தக் கையெழுத்து இது. முதல் கடிதத்துக்கு என்ன சேதி கிடைத்திருக்கிறது பார், கல்யாணமாகிப் போகும்முன் பின்பக்கச் சுவரோரம் நீ நட்ட செடி பூத்துவிட்டது கண்ணு! ஓர் இலைகூட இல்லை, அடியிலிருந்து நுனிவரை வெறும் மஞ்சள், யாரோ ஒரு வாளிச் சாயத்தைத் தலையில் கொட்டிவிட்டு ஓடியதுபோல நிற்கிறது.

இத்தனை வருஷமாக இலையைத் தவிர எதையும் காட்டவில்லை என்று அம்மாவுக்கு அதன்மேல் கோபம். பிடுங்கிவிட்டு அங்கே துவைக்கிற கல் போடக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டாள். குளிர் முடியட்டும் என்று நான் கெஞ்சி வாங்கிய தவணையும் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவர் கடப்பாரையோடு வந்தார், எனக்குப் பார்க்க மனமில்லை, வாசல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். குளிருக்குப் பயந்து பல நாளாக நாங்கள் பின்பக்கம் எட்டியே பார்க்கவில்லை. திடீரென்று அம்மாவின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் செடிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் அக்கா, போன வாரம் நீங்கதானே வேரோட பிடுங்கணும்னீங்க என்கிறார் கொத்தனார். போன வாரம் அது வெறும் குச்சி, இப்ப அது என் பொண்ணு வச்ச செடி, கடப்பாரையைக் கீழ வைங்க என்று ஒரே அதட்டல்.

காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். பூவெல்லாம் போன வருஷம் வளர்ந்த கிளைகளில்தான் இருக்கிறது என்று தொட்டுக் காட்டினாள். குளிர்காலத்தில் முடிவெட்ட நம் கடையில் கூட்டமில்லாவிட்டால் உன் அப்பாவின் கத்தரி சும்மா இருக்குமா, காதோரம் ஒதுக்கி, பிடரியில் ஏற்றி, செடிக்கு ஜோராக ஒரு கிராப்பு வெட்டிவிடுவேன், மொட்டு வைத்திருந்த கிளையெல்லாம் அதோடு போயிருக்கிறது. இந்த முறை வகுப்புக்கு ஓடிய ஓட்டத்தில் வெட்ட மறந்துபோனேன். நீங்க பள்ளிக்கூடம் போனதுல செடியாவது பிழைச்சுதே என்று அம்மா சிரித்த சிரிப்பில் கொத்தனார் சாந்துச் சட்டியைத் தவறவிட்டார். கத்தரி இப்போது அவள் தலையணைக்கு அடியில். பூ கொட்டிய பிறகு, அவள் காட்டும் கிளையை மட்டும் நான் தொடலாமாம். துவைக்கிற கல் கதவோரம் போய்விட்டது.

போனில் உன்னிடம் உளறக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், பாவம், அவளுக்குத் தொண்டைவரை வந்து நிற்கிறது. முன்பெல்லாம் நீ பேசினால் முதலில் செடியைத்தான் விசாரிப்பாய். இல்லை இல்லை என்றே கேட்டு அலுத்துப்போய் அதை விட்டுவிட்டாய், நானும் கவனிக்காததுபோல இருந்தேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் வாழ வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. கடிதம் கைக்கு வந்ததும் போன் செய், ஒன்றும் தெரியாதவள்போல, அப்பா, செடி பூத்துச்சா என்று கேள். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும்.

ஆசிகளுடன்,
கத்தரியைப் பறிகொடுத்த உன் அப்பா