பொட்டு வைத்த பெட்டி

உன் கம்ப்யூட்டர் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. நெற்றியில் இன்னும் சந்தனக் கறை, நடுவில் குங்குமக் கறை. மேசையில் இடம் இல்லாததால் நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். ஒவ்வொரு கவளத்துக்கும் நிமிர்ந்து அதைப் பார்க்கிறேன், எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்வார். அவருக்கு உன்னைத் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேள். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நீ என்னை முழுசாகப் பேச விட்டிருக்கிறாயா?

போன வாரம் கலைச்செல்வி போன் செய்தாள். பாவம், கண் தெரியாமல் மேற்கு மாம்பலத்திலிருந்து தட்டுக் கோலோடு மின்சார ரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போய் வருகிற பெண், அநாவசியமாகப் போன் செய்கிறவள் இல்லை. "சின்ன மேம், தமிழ்ப் பாடமெல்லாம் கேட்டு முடிச்சிட்டேன். எகனாமிக்ஸ்தான் இன்னும் வரலை. பெரிய மேம் பேசி வச்சிருக்கேன்னு சொன்னாங்களே? பரீட்சை வருது மேம்" என்றாள். உன்னைவிடச் சில மாதம் இளையவள் என்ற ஒரே காரணத்தால், தலை நரைத்த பிறகும் நான் சின்ன மேம்!

ரிடையர் ஆன பிறகு நாம் இரண்டு பேரும் உன் வீட்டில் உட்கார்ந்து, உன் கம்ப்யூட்டரில் அவளுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்தோம். தமிழ் என் பங்கு, பொருளாதாரம் உன் பங்கு. நான் ஒரு பாடம் முடித்ததும் உடனே அவளுக்கு அனுப்பிவிடுவேன். நீ மட்டும் அனுப்பவில்லை. "அரைகுறையா எதையும் குடுக்கப்படாது. குக்கர் விசில், என் இருமல் எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு, முழுசாத்தான் குடுப்பேன்" என்றாய். வெட்டி எடுத்தாயா? தை பிறப்பதற்குள் ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். உன் பாடம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். பெட்டி பூட்டிய வீட்டுக்குள். சாவி என்னிடம்.

போய்ப் பார்த்தால், பெட்டி கிளம்பவில்லை. சுவரில் சுவிட்சைப் போட்டதும் உள்ளே விசிறி விர்ரென்று சுற்றியது, விளக்கு எரிந்தது. "அப்பாடா" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. அப்புறம் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் மூச்சே இல்லை.

உன் பிள்ளைக்குப் போன் செய்தேன். அமெரிக்காவில் அவனுக்கு அப்போது காலை, ஏதோ வறுபடுகிற சத்தம் கேட்டது. "ஆன்ட்டி, அது ஓட்டை கம்ப்யூட்டர். மாசக் கடைசியில வீட்டை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி இ-வேஸ்ட்காரன் வருவான், அவன்கிட்ட போட்டுடுங்கோ" என்றான். உள்ளே உன் குரல் இருக்கிறது என்றேன். அடுப்பைச் சின்னதாக்கினான் போலிருக்கிறது, வறுபடுகிற சத்தம் அடங்கியது. பிறகு, "இப்போல்லாம் ஆப் இருக்கு ஆன்ட்டி. போனைக் காமிச்சா அதுவே புஸ்தகத்தைப் படிச்சுடும்" என்றான்.

படிக்கும், நன்றாகப் படிக்கும்! கலைச்செல்வியிடம் அந்த ஆப் இல்லையா என்ன? வரிகளை எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கும். பொருளாதாரப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்ட படம் வருமே, அங்கே வந்ததும் "படம்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் தாவிவிடும். இன்னொரு ஆப் கொஞ்சம் கெட்டிக்கார ஆப்பாம். அது "இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன" என்றதாம். எந்தக் கோடு, எதற்காகச் சாய்கிறது, வெட்டினால் என்ன ஆகிறது என்று யார் சொல்வது? நீ சொல்வாய். ஒரு படத்துக்கு ஒரு மத்தியானத்தையே செலவழிப்பாய். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "எனக்கே கண் தெரியலேன்னா இது எப்படிப் புரியும்?" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்திருப்பாய். பிறகுதான் மைக்கைத் தொடுவாய். அந்தப் படங்கள் இல்லாமல் அந்தப் பெண் பாஸ் செய்ய முடியாது. இது உன் பிள்ளைக்குப் புரியவில்லை. பெற்றவளின் குரலைக் குப்பைக்காரனிடம் போடச் சொல்லிவிட்டு அவன் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டான். அவனுக்கும் துக்கம் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் கோபம்தான்.

பெட்டியைப் புடவைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். லஸ் சிக்னலில் காற்றில் துணி விலகியது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா மேடம், சாமி பெட்டியா? பொட்டுலாம் வச்சிகீது" என்றார்.

"கம்ப்யூட்டர்ப்பா. ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது."

"நம்ம வண்டி மாதிரிதான் போலகீது. ரெண்டு தட்டு தட்டிப் பாத்தீங்களா?"

அன்றைக்கு என்னை மனுஷியாக மதித்துப் பேசியவர் அவர் ஒருத்தர்தான். தி.நகரில் கடைக்காரன், இருபத்தைந்து வயசு இருக்கும், ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வயரைச் செருகி சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றி நின்றது. "மதர்போர்டு காலி மேடம்" என்றான். மூடியைத் திறக்கவில்லை, ஒரு ஸ்க்ரூவைத் தொடவில்லை. நாடி பிடித்துக்கூடப் பார்க்காமல் செத்துப்போச்சு என்கிற டாக்டரை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

"இந்த மாடலுக்கு பார்ட்ஸே வராது. புதுசு எடுத்துக்குங்க, ஆஃபர் போய்க்கினு இருக்கு."

"உள்ள ரெகார்டிங் இருக்குப்பா. அதுதான் எனக்கு வேணும்."

"டிஸ்க்கைக் கழட்டி வெளிய அனுப்பணும். ஒரு மாசம் ஆவும். வந்தா வரும், இல்லைன்னா இல்ல."

பரீட்சை அதற்குள் முடிந்துவிடும் என்றேன். வேறு என்ன செய்யலாம், எதையாவது கழற்றிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். அவன் சிரித்தான். "வீட்ல பசங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க மேடம். அவங்கள்ட்ட சொன்னா புரியும்."

பசங்களாம்! எத்தனை ஆயிரம் பசங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பேன்? எனக்குப் புரியாது, பசங்களுக்குப் புரியும். கடையில் அத்தனை பேர் எதிரில் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. அதுவும் உன் கணக்கில்தான்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்ததும், நீ இந்த நிலைமையில் என்ன செய்வாய் என்று யோசித்தேன். நம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை ஞாபகம் வந்தது. யாரும் பொறுப்பு ஏற்க மாட்டேன் என்றதால் பொருளாதார டீச்சரான உன் தலையில் கட்டினார்கள். ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் ஹெட்மிஸ்ட்ரஸ் கையைப் பிசைவார். நீ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்வாய். "முதல்ல ப்ளக்கைப் பாரு, அப்புறம் அழு" என்பாய். "இது என்ன ஆகாசத்துலேர்ந்தா குதிச்சது? ஒண்ணு கரெண்ட் வரலை, இல்லேன்னா வந்த கரெண்ட் போகலை. அவ்ளோதான்" என்பாய். பாதி நாள் கால் பட்டு ப்ளக் கழன்றிருக்கும். மீதி நாள் உள்ளே இருக்கிற ரேம் அட்டையைப் பிடுங்கி, பிள்ளைகளிடம் அழிரப்பர் வாங்கி அதன் பல்லைத் தேய்த்து மாட்டுவாய். கிளம்பிவிடும். ஹெட்மிஸ்ட்ரஸ் கும்பிடாத குறைதான்.

நானும் செய்தேன். ப்ளக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே மெத்தை தைக்கிற அளவுக்குத் தூசி, பெயிண்ட் பிரஷால் தட்டினேன். ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தேன். திரும்ப மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். விர்ர். நின்றுவிட்டது.

அப்போது அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுவிட்சைப் போட்டபோதுதான் உறைத்தது. இந்தத் தடவை நான் பெட்டியின் பட்டனைத் தொடவே இல்லை. தொடாமலேயே எப்படிச் சுற்றுகிறது? யாரோ ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது? கிளம்பின மெஷினில் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் அணைந்துபோகும், அது எனக்கே தெரியும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன் டார்ச்சை அடித்துக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பட்டன் உள்ளே போனது போனபடி இருந்தது. வெளியே வரவில்லை. சுற்றிலும் காய்ந்த மஞ்சள் காரை, நடுவில் சிவப்பு.

சந்தனம்! அடிப் பாவி, உன் சந்தனம்!

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் உன் வீட்டுக்குச் சுண்டல் சாப்பிட வருவேன். நீ அரிவாள்மனைக்கு வைப்பாய், தையல் மெஷினுக்கு வைப்பாய், கடைசியில் இதற்கு வருவாய். விரல் நிறையச் சந்தனத்தை எடுத்துச் சரியாகப் பட்டன்மேல் அப்புவாய். ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். "ஓரமா வைடி, பட்டன்ல வைக்காதே." ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில். "பொட்டை நெத்தியில வைக்காம முதுகுலயா வைப்பா? உங்க சர்ச் ஃபாதர் புது ஸ்கூட்டர் மேல தீர்த்தம் தெளிச்சாரே, எஞ்சினுக்குள்ள தண்ணி போயிடும்னு நான் வந்து சொன்னேனா?" மற்ற பொட்டை எல்லாம் மறுநாள் துடைப்பாய். பட்டனில் இருப்பதை மட்டும் துடைக்க மாட்டாய், அதன்மேலேயே அடுத்த வருஷத்துச் சந்தனம். நீ தினமும் அழுத்திக்கொண்டிருந்தவரை அது எப்படியோ ஓடியது. நீ போன பிறகு, பூட்டின வீட்டில் அப்படியே இறுகிவிட்டது.

ப்ளக்கைப் பிடுங்கினேன். காது குடையும் பஞ்சை ஈரமாக்கி ஊற வைத்து, பல் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டினேன். செய்தித்தாள் மேல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊறியதும் வாசனை வேறு. கடைசியில் டிக் என்று பட்டன் வெளியே குதித்தது.

சுவிட்சைப் போட்டேன். பெட்டி சும்மா இருந்தது. பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"குற்றவாளி நீதான்!" என்று ஹாலில் நின்று கத்தினேன். கடைக்காரனைத் திட்டினேன், உன் பிள்ளையைத் திட்டினேன், கடைசியில் பார்த்தால் நீ! வருஷா வருஷம் நான் சொன்னதுதான் சரி, நீ சொன்னது தப்பு. நம் சண்டைகளிலேயே நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயித்த சண்டை இது ஒன்றுதான். ஜெயித்ததை யாரிடம் சொல்வது? வாயடைத்துப்போய் நீ எதிரில் நிற்க வேண்டாமா? நீ இல்லாத வீட்டில் ஜெயித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

உன் வீட்டிலிருந்து திரையையும் கீபோர்டையும் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தேன், பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. முதல் வேலையாக வேறு இடத்திலும் காப்பி எடுத்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கலைச்செல்வியை வரச் சொன்னேன். மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள், உன் குரல் கேட்டதும் நிமிர்ந்தாள். குக்கர் விசில் வந்தபோது சிரித்தாள். ஒரு பாடம், இரண்டு பாடம் போயிற்று. நான் மணத்தக்காளி வற்றல் வறுக்க எழுந்து போனேன். திரும்பி வந்தால், அவள் இடது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இடது முழங்கையைத் தோள் உசரத்துக்குத் தூக்கிக்கோ. விரலை வலது பக்கமா கீழ சரிய விடு, பார்க்குல சறுக்குமரம் இருக்கே, அது மாதிரி" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். "இதான் தேவைக் கோடு. விலை இறங்க இறங்க வாங்கறவா ஜாஸ்தி. கையை இறக்காதே, அப்படியே வச்சுக்கோ. இப்போ வலது கையை..." ஒரு இருமல். "என்னமோ மூச்சு வாங்கறது. நாளைக்குச் சொல்றேன், என்ன?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மேலும் கீழும் தேடிப் பார்த்தேன், அதுதான் கடைசி. அரைகுறையாகக் கொடுக்க மாட்டேன் என்றவள் ஒரு பெண்ணின் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய்.

"மேம், கையை இறக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"இறக்காதே" என்றேன்.

புத்தகத்தைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். எனக்குப் பொருளாதாரத்தில் ஆனா ஆவன்னா தெரியாது, உனக்கே தெரியும். படத்தைப் பார்த்தேன். கீழே இருந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"வலது முழங்கையையும் அதே உசரத்துக்குத் தூக்கு. விரலை இடது பக்கமா கீழ விடு. இது விக்கிறவங்க கோடு. விலை ஏற ஏற விக்கறதுக்கு நிறைய கொண்டுவருவாங்க."

தூக்கினாள். இரண்டு மணிக்கட்டும் நடுவில் ஒன்றோடொன்று முட்டின. ஒரு மணிக்கட்டை இன்னொன்றின்மேல் அழுத்திப் பார்த்தாள்.

"இங்கதான் விலை நிக்குதா மேம்?"

"ஆமாம்டி. அங்கதான்."

இன்னும் எத்தனையோ படம் பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மத்தியானம் ஆகும். பாதியில் விட்டுப் போனதற்கு உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை. நாளைக்கு அடுத்த படம்.