தம்பியின் லைப்ரரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

இங்கே ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் வேலை. எல்லாவற்றையும் நாங்களே எழுதுவதில்லை; யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த புரோகிராம் துண்டுகளை, லைப்ரரி என்பார்கள், எடுத்துக் கோத்துக்கொள்வோம். எங்கள் புரோகிராமில் தேதிக் கணக்குப் பார்த்தது, தம்பி சாவதற்கு முன் எழுதிய லைப்ரரி. சேர்ந்த வாரமே அவன் பெயரைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவனும் கூடவே வேலைக்கு வருவதுபோல் இருந்தது.

நேற்று டீம் லீடர், "இதுல ஒரு பிழை இருக்கு. எழுதினவருக்கு எத்தனை மெயில் போட்டாலும் பதிலே இல்ல, பொறுப்பில்லாத ஆளு. கழட்டிட்டு வேற போடும்மா" என்றார்.

"சரி சார்" என்றேன். என் கையாலேயே கழற்றினேன். கவலைப்படாதீர்கள், பொதுவில் அது அப்படியேதான் இருக்கும்.

தலையணை உறை இரண்டு அனுப்புங்கள். இருப்பது காய்வதற்குள் மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. தம்பியின் போன் அடிக்கடி சத்தம் போடுகிறது, யாரோ அவனைத் தேடுகிறார்கள் என்றீர்களே. அது எங்கள் ஆபீஸ்தான் அம்மா. இனிச் சத்தம் வராது. இருந்தாலும் சார்ஜ் போட்டே வையுங்கள்.

உங்கள் மகள்