பின்வாசல் அட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நம் குடியிருப்பின் வெள்ளிவிழா மலருக்கு ‘நமது குடியிருப்பு வளர்ந்த கதை’ என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோல் உட்கார்ந்து எழுதினேன். சங்கத் தலைவர் தொப்பி அங்கிள் படித்துவிட்டு, “பிரமாதமா எழுதியிருக்கேம்மா, அங்கங்க கொஞ்சம் கத்தரி போட்டா போதும்” என்றார். கத்தரி போட்ட பிறகு ஏரியும் டென்னிஸ் மைதானமும் மட்டும் மிஞ்சின. வெட்டிப் போட்டதெல்லாம் இப்போது உனக்கு வருகிறது.

நலமா என்று கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன். நலமா, அம்மா? இங்கே நான் நலம். அப்பாவுக்குச் சளி. இருமிக்கொண்டே சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருக்கிறார். செயலாளர் அல்லவா.

முதலில் ஏரி. அது ஏரியே இல்லை, செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சூளையில் வேலை செய்தவர்கள் குடிசை போட்டிருந்த இடத்தில்தான் இன்று டென்னிஸ் மைதானம் இருக்கிறது. மனை போட்டபோது அவர்களை மதிலுக்குப் பின்னால் அனுப்பினார்கள். பிறகு வீடுகள் வந்தன. வீடுகளில் பாத்திரம் சேர்ந்தது, துணி சேர்ந்தது, குழந்தைகள் அழுதார்கள். உடனே மதிலுக்குப் பின்னால் இருப்பவர்கள் தேவைப்பட்டார்கள். சமையல் அக்காவின் அப்பா அறுத்த செங்கல்தான் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். தொப்பி அங்கிள் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘அவசியமா?’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

பிறகு சுவர்கள். ஆரம்பத்தில் இங்கே செடி வேலிதான் என்றும், நீயும் அடுத்த வீட்டு ஆன்ட்டியும் வேலிக்கு மேலே கிண்ணம் மாற்றிக்கொள்வீர்கள் என்றும் நீ சொல்லியிருக்கிறாய். அப்புறம் முழங்கால் உயரத்துக்குச் சுவர், அப்புறம் இடுப்பு உயரத்துக்கு. இப்போது ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது. அதன் மேல் கம்பி, கம்பிக்கு மேல் கேமரா. வீட்டில் ஒரு மாடி ஏற ஏற, உள்ளே இருப்பவர்களின் பயமும் ஒரு மாடி ஏறுகிறது. பூங்காவில் டிரைவர்கள் உட்காருகிறார்கள் என்று பெஞ்சுகளைப் பெயர்த்துவிட்டு, உருண்டைக் கற்களைப் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் வழுக்கிக் கீழே விழ வேண்டியதுதான். காய்கறிக்காரர் கூவக்கூடாது என்று விதி வந்துவிட்டது. பாவம், அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அந்த வீட்டுக்கே போன் போட்டு, “அம்மா, காய்” என்று ரகசியம் சொல்கிறார். பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இதையெல்லாம் வெட்டியதற்குக்கூட நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். விஷயம் பின்வாசல் கேட்.

நீ முதல் செயலாளராக இருந்தபோது சண்டை போட்டு மதிலில் வைத்தாயே, அந்தச் சின்னக் கேட்டைத்தான் சொல்கிறேன். உனக்குப் பொட்டலத்தை நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். அந்தப் பெயரை வைத்ததே நீதான். சமையல் அக்காவின் பெண் நம் வீட்டுக்கு வந்த புதிதில், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட விரித்துப் படித்துக்கொண்டு நின்றாள் என்று அப்படிக் கூப்பிட்டாய். அவள் இப்போதும் என் வகுப்பில்தான் இருக்கிறாள், என்னைவிட அதிக மதிப்பெண் வாங்குகிறாள். காலையில் அந்தக் கேட் வழியாக உள்ளே வந்து, நம் தெருவைத் தாண்டி, முன்பக்கத்து நிறுத்தத்தில் என்னோடு பஸ் ஏறுவாள். சாயங்காலம் நம் வீட்டில் உன் புத்தக அறையில் படித்துவிட்டு, அக்காவோடு வீட்டுக்குப் போவாள். கேட் இல்லையென்றால் மதிலைச் சுற்றி லாரி போகும் பெரிய சாலையில் நடக்க வேண்டும். அங்கே நடைபாதையே கிடையாது. போன மழைக்காலத்தில் அங்கே ஒருவரை லாரி அடித்துவிட்டது உனக்கும் தெரியும்.

யார் வீட்டிலோ ஒரு சைக்கிள் காணாமல் போனது. பிறகு அது அந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே கிடைத்தது. ஆனால் அதற்குள் கூட்டம் போட்டு, கேட்டைப் பூட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். சைக்கிள் கிடைத்த பிறகு முடிவை மாற்றலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். “தீர்மானம் போட்டாச்சு, குட்டி. நினைச்ச நேரத்துல மாத்த இது என்ன வீட்டுக் கணக்கா?” என்றார்.

திங்கட்கிழமை கேட்டைப் பூட்டினார்கள். அன்று காலை நீ இங்கே இருந்திருக்க வேண்டும், அம்மா! வேலைக்கு வருகிற அக்காக்கள் எல்லோரும் பெரிய சாலையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தொப்பி அங்கிள் தொப்பிகூட இல்லாமல் தன் நாயைத் தானே பிடித்துக்கொண்டு வந்தார். நாய்தான் அவரை நடத்திக்கொண்டு போனது. அடுத்த வீட்டு ஆன்ட்டி நைட்டியோடு நம் வாசலில் வந்து நின்று, “வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டனைம்மா அமுக்கணும்?” என்று என்னைக் கேட்டார். அந்த மெஷின் அவர் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது. இரண்டு நாளில் எல்லோருக்கும் மூச்சு முட்டிவிட்டது. அவசரக் கூட்டம் நம் வீட்டு ஹாலிலேயே நடந்தது. நான் புத்தக அறையில் இருந்து கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே எழுதுகிறேன்.

கேட்டைத் திறக்கலாம், ஆனால் அட்டை வேண்டும் என்றார்கள். எந்த வீட்டில் வேலையோ அந்த வீட்டின் எண்ணோடு, படம் ஒட்டிய அட்டை. அது இருப்பவர்கள் மட்டும் உள்ளே வரலாம். அப்போது மூலை வீட்டு டாக்டர், “பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைங்க?” என்று கேட்டார். தொப்பி அங்கிள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “டாக்டர், நமக்கு வேலைக்கு ஆள் வேணும், சரி. அதுக்காக அவங்க குடும்பத்தையே தத்து எடுத்துக்க முடியுமா?” எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பாவின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.

நான் அன்று சாப்பிடவில்லை. அப்பா அறைக்கு வந்து, “நீ எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். கவலைப்படாதே, நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்” என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. பழைய அப்பா மாதிரி இருந்தார். நான் நம்பிச் சாப்பிட்டேன்.

அந்த வழி வெள்ளிக்கிழமை வந்தது. பளபளப்பான ஒரு அட்டை. பொட்டலத்தின் படம், அவள் பெயர், நம் வீட்டு எண். அதற்குக் கீழே, ‘பணி: வீட்டு உதவியாளர்’.

படத்தில் பள்ளிச் சீருடை போட்டிருக்கிறாள், அம்மா. பேச்சுப் போட்டியில் நாங்கள் இருவரும் பரிசு வாங்கியபோது நீ எடுத்த படம் அது. அப்பா என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் ஒட்டியிருக்கிறார். சரியாக வெட்டவில்லை. ஓரத்தில் என் தோள் தெரிகிறது.

நான் கத்தினேன். அவள் என் சிநேகிதி, வேலைக்காரி இல்லை என்று கத்தினேன். அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. “பேருக்குத்தானே குட்டி? அவ ஒரு துரும்பையும் எடுத்துப் போட வேண்டாம். பத்திரமா பஸ்ஸுக்கு வந்தா போதாதா? அட்டையில என்ன எழுதியிருக்குன்னு யார் படிக்கப்போறாங்க?” என்றார். பொட்டலம் எதையும் படிக்காமல் விடமாட்டாள் என்பது இந்த வீட்டில் அவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

சமையல் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அட்டையை வாங்கி, “ரொம்ப நன்றி சார்” என்றார். நான் சமையலறைக்குப் போய், ஏன் அதை வாங்கினீர்கள் என்று அவரிடமும் சண்டை போட்டேன். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “உனக்குக் கோவம் வந்தா கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்கலாம் கண்ணு. நான் கோவப்பட்டா எம் பொண்ணு லாரிக்கு நடுவுல நடக்கணும்” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பொட்டலம் வந்தாள். எப்போதும் முன்வாசலில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, “புதுசு ஏதாவது வந்திருக்கா?” என்று கத்திக்கொண்டே வருவாளே, அன்று சத்தமே இல்லை. பக்கத்துச் சந்து வழியாகச் சமையலறைக்குள் போய், கையில் துடைப்பத்தோடு புத்தக அறைக்கு வந்தாள். கழுத்தில் அந்த அட்டை தொங்கியது. நான் மேசையில் இருந்தேன். என்னைப் பார்க்கவே இல்லை. மேசைக்கு அடியில், அலமாரிக்கு அடியில், நாங்கள் இருவரும் உட்கார்ந்து படிக்கிற ஜன்னலோரத்தில் எல்லாம் பெருக்கினாள். நான், “ஏய், என்னடி பண்றே?” என்றேன். “காலைத் தூக்கு, குப்பை இருக்கு” என்றாள்.

அப்பா ஹாலில் இருந்து ஓடிவந்தார். “என்னம்மா இது, வெச்சிடு, வெச்சிடு” என்றார். அவள் நிமிர்ந்து, “இல்ல சார். வேலைக்குன்னுதானே உள்ளே விட்டாங்க? சும்மா உக்காந்து படிச்சா ஏமாத்தின மாதிரி ஆயிடும்” என்றாள்.

சார் என்றாள், அம்மா. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கிள், அங்கிள் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தவள். சமையலறையில் இருந்து அக்கா வந்து, “வாயை மூடுடி” என்று முதுகில் ஒன்று வைத்தார். அவள் அழவில்லை. குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள். அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பாதியில் வைத்த புத்தகம், நடுவில் பென்சிலோடு, அங்கேயே இருக்கிறது. நான் தொடவில்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்காருகிறாள். அப்பா அவள் வருகிற நேரத்துக்கு மாடிக்குப் போய்விடுகிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெள்ளிவிழா. வண்ண விளக்கு, மலர் வெளியீடு எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் பொதுக்குழு. இந்த அட்டை முறையை நிரந்தரமாக்கலாமா, இல்லை கேட்டை முன்போல் எல்லோருக்கும் திறந்து வைக்கலாமா என்று ஓட்டு. மூலை வீட்டு டாக்டர் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார். வாஷிங் மெஷின் ஆன்ட்டிகூட நம் பக்கம். ஓட்டு சரிக்குச் சரியாக நிற்கிறதாம், ஒரு கை இந்தப் பக்கம் வந்தால் போதும் என்கிறார் டாக்டர்.

இனி வருவதை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான். நம் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த ஓட்டு. அந்த விதியை எழுதியதும் நீதான். நம் வீடு உன் பெயரில் இருக்கிறது. நீ போன பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அப்பா, “அவங்க சார்பா” என்று சொல்லிக் கை தூக்குகிறார். யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டைப் பூட்டியபோதும் அப்படித்தான் தூக்கினார். அட்டைக்கும் அப்படித்தான். நீ வைத்த கேட்டை மூட நீயே ஓட்டுப் போட்டிருக்கிறாய், அம்மா. உனக்குத் தெரியுமா? தெரியாது என்றால், ஏன் தெரிந்துகொள்ளவில்லை?

ஆமாம், எனக்கு உன்மேலும் கோபம்தான். மதிலில் கேமரா வைத்த அன்று நீங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது எனக்குக் கேட்டது. மறுவாரம் பெட்டியோடு போனாய். “வேலை விஷயமா போயிருக்கா” என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையா என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். இந்த இடத்தின் போக்கு பிடிக்காதவர்கள் எல்லோரும் போய்விட்டால், பிடித்தவர்கள் மட்டும்தானே கை தூக்குவார்கள்? இதை மட்டும் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நீ வரவேண்டும். கடிதத்தில் ஓட்டு அனுப்பினால் தொப்பி அங்கிள் ‘அவசியமா?’ என்று எழுதிவிடுவார். நீயே வந்து, நீயே கை தூக்க வேண்டும். ஓட்டுக்காகத்தான் வந்தேன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம். நானும் அப்படியே சொல்கிறேன். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டும் என்றாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். உன் அறையில் கொடியில் கிடந்த துண்டை மட்டும் துவைத்து வைத்திருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் அன்பு மகள்.

பின்குறிப்பு: உறைக்குள் போடும் நேரத்தில் அப்பா கதவோரம் வந்து நின்றார். யாருக்குக் கடிதம் என்று கேட்டார். உனக்கு என்றேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருமினார். பென்சில் வைத்த அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “நான் விசாரிச்சேன்னு எழுது” என்றார். எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குறைக்க மாட்டேன் என்று முதல் வரியில் சொல்லிவிட்டேன். அதனால் இதையும் எழுதுகிறேன்: அப்பா விசாரித்தார். பிறகு ஹாலுக்குப் போய் ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்தார். கடைசியாக இந்தப் புத்தக அறை விளக்கையும் அணைக்க வந்து நிற்கிறார், முடிக்கிறேன்.