கபுறுக்குப் பக்கத்தில் படுத்தவர்

அன்புள்ள நானா,

நேற்றுப் பின்னேரம் இறங்குதுறையில், கப்பலால் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா புத்தகமொன்றை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். உங்கள் படம். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, நீண்ட கபுறுக்குப் பக்கத்தில் மணலில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறீர்கள். "இந்த ஆள் இப்போதும் இருக்கிறாரா?" என்று கேட்டார். இறங்குகிறவர்களிடம் டிக்கட் வாங்க நீட்டிய கையை மடக்கவும் மறந்து நின்றேன்.

உங்கள் மாட்டுவண்டி கப்பல் வரும்போதெல்லாம் இங்கே நிற்கும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கப்பலை விட்டிறங்கி நேரே கொழும்பு ரயிலில் ஏறிவிடுவார்கள். நம்முடைய தீவை இருட்டில் தாண்டிப் போவார்கள். "மன்னார் எண்டு ஒரு ஊர் இருக்கிறது இதுகளுக்குத் தெரியாது தம்பி. நித்திரையில போகுதுகள்," என்று வயிறெரிவீர்கள். கோட்டை இருக்கிறது, பானைபோல் பருத்த பெருக்கமரம் இருக்கிறது, ஆதிமனிதரை அடக்கிய இடம் என்று சனம் நம்புகிற அந்த நீண்ட கபுறுகள் இருக்கின்றன. இறங்கிப் பார்க்க ஆளில்லை. வண்டி வெறுமையாகத் திரும்பும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வராது.

பிறகுதான் அந்தத் துரை வந்தார், பயணிகளுக்குப் புத்தகம் எழுதுகிறவர். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று என்னையும் வண்டியில் ஏற்றினீர்கள். பெருக்கமரத்தைக் கண்டு துரை வாயைப் பிளந்தார். நீங்கள் என் தொடையைக் கிள்ளினீர்கள். "ஊரின்ட பேர் புத்தகத்தில வரப்போகுதடா!" சின்னப் பிள்ளைக்கு வருகிற சந்தோசம் உங்களுக்கு.

கபுறடியில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி, அங்கே கிடப்பவர்களுக்குச் சலாம் சொன்னீர்கள். அதைச் சொல்லாமல் எந்தப் பெரியவனுக்கும் நீங்கள் கதை சொன்னதில்லை. துரையும் சப்பாத்தைக் கழற்றினார். அந்தளவுக்கு மரியாதை தெரிந்தவர்தான். ஆனால் கமராவை என் கையில் தந்துவிட்டு, கபுறின் மேல் ஏறிப் படுக்கப் போனார். அதில் ஓர் ஆள் கிடந்தால்தானே படத்தில் அதன் நீளம் தெரியும் என்றார்.

நீங்கள் குறுக்கே போய் நின்றீர்கள். "அதில படுக்கேலாது எண்டு சொல்லு தம்பி. மவுத்தானவைக்கு மேல மனிசன் படுக்கிறதில்லை."

"அப்பிடியெண்டால் மன்னாரைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டாராம் நானா."

என் கோபம் உங்களுக்குத் தெரியும்தானே; கமராவைக் கடலில் எறியலாம் போல இருந்தது. நீங்களோ தொப்பியைச் சரிசெய்து, கபுறுக்கு ஒரு முழம் தள்ளி, கொதிக்கிற மணலில் படுத்தீர்கள். "அளவுக்கு நான் கிடக்கிறன். எடுக்கச் சொல்லு." துரை கமராவை என்னிடம் வாங்கி, அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். நீங்கள் கண்ணை மூடியபடி அசையாமல் கிடந்தீர்கள்.

புத்தகம் வந்தது. மன்னாரின் பேரும் வந்தது. படத்துக்குக் கீழே, 'தூங்கும் காவற்காரன்.' வாசித்துவிட்டு நான் குதித்தேன். "நாசமாப் போனவன்! உங்களைச் சோம்பேறியாக்கிப்போட்டான்!"

"விடு தம்பி. கபுறில ஒருத்தரும் படுக்கேல்லை. ஊரின்ட பேரும் வந்திட்டுது. காணும்," என்று சிரித்தீர்கள். ஆனால் அந்தப் பக்கத்தை நீங்கள் வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை என்று உங்கள் மனைவி பிறகு சொன்னார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது நானா.

உப்புக்குளத்துப் பள்ளிவாசலடியில் உங்களை அடக்கியபோது, சிலுவை போட்ட வேதக்காரனான எனக்கும் மூன்று பிடி மண் போட உங்கள் பிள்ளைகள் இடம்விட்டார்கள். அதற்கு முன் கடைசியாக முகம் பார்த்தபோதும் அதே மூடிய கண்தான்.

அந்த அம்மா ரயிலேறாமல் வாடிவீட்டில் தங்கிவிட்டார். புத்தகத்தைப் பார்த்தே இறங்கினாராம். இன்று காலை நான்தான் கூட்டிப்போனேன். சப்பாத்தைக் கழற்றி, உங்களிடம் கேட்ட சலாமைச் சொன்னேன். என் வாயில் அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

"காவற்காரன் தூங்கிய இடம் எது?" என்று கேட்டார்.

"அவர் தூங்கவில்லை அம்மா. இதன் மேல் ஒருவரும் படுக்கக் கூடாதென்று தான் மணலில் படுத்தவர்."

அவர் புத்தகத்தை விரித்து, படத்துக்குக் கீழே இருந்த அந்த வரியைப் பென்சிலால் வெட்டினார். உங்கள் பேரைக் கேட்டு, எழுத்துக் கூட்டி, படத்தின் கீழே எழுதினார். போகும்போது பென்சிலை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அது இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தோடு இனி எவர் கப்பலால் இறங்கினாலும், அந்த வரியை வெட்டாமல் நான் விடப்போவதில்லை நானா.